ஆச்சி பெட்டியில் விக்டோரியா ரூபாய்... வித்தா லட்சம் கிடைக்குமா? வெள்ளிக் காசின் உண்மையான மதிப்பை எப்படிப் பார்ப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் கொட்டாரம் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும், சொத்து பாகம் பிரிக்கும்போதும் மரப்பெட்டிக்குள் இருந்து ஒரு துணி முடிச்சு வெளியே வருவது உண்டு. அவிழ்த்துப் பார்த்தால் கறுத்துப்போன நாலைந்து வெள்ளிக் காசுகள். ஒன்றில் விக்டோரியா ராணி தலை. இன்னொன்றில் சங்கு.

அடுத்த நிமிடமே வீட்டில் கேள்வி ஆரம்பித்துவிடும். "மக்கா, இது எத்தன ரூவாக்கு போவும்?"

போனை எடுத்துத் தேடினால் 'இந்தக் காசு உங்ககிட்ட இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி' என்று வீடியோக்கள் வரிசை கட்டுகின்றன. பக்கத்து நகைக்கடையில் கேட்டால் எடை போட்டு வெள்ளி விலை சொல்கிறார்கள். இரண்டில் எது உண்மை? விரிவாகப் பார்ப்போம்.

கொட்டாரம் வீடுகளில் ஏன் இரண்டு வகைக் காசு?

கொட்டாரம் என்றாலே மலையாளத்தில் அரண்மனை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த பகுதி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு இணைந்தன.

திருவிதாங்கூர் தனக்கென்று தனி நாணயம் அடித்த சமஸ்தானம். அதே நேரத்தில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. அங்கே விக்டோரியா ரூபாய். வியாபாரம், வண்டிப் போக்குவரத்து, கல்யாண உறவு எல்லாம் இரண்டு பக்கமும் இருந்ததால் இரண்டு காசும் நாஞ்சில் நாட்டு வீடுகளில் புழங்கின.

இரண்டையும் மதிப்பிடும் முறை வேறு வேறு. இது தெரியாமல் விற்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சக்கரம் என்றால் என்ன?

திருவிதாங்கூர் கணக்கு இப்படித்தான்:

16 காசு = 1 சக்கரம்
4 சக்கரம் = 1 பணம்
7 பணம் = 1 திருவிதாங்கூர் ரூபாய், அதாவது 28 சக்கரம்

பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். அரைச் சக்கரம் வித்தியாசம். தாத்தா காலத்து நிலப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பணம், சக்கரம், காசு என்ற இந்தக் கணக்கு அதில் வரலாம்.

பழைய வெள்ளிச் சக்கரம் சட்டை பொத்தானைவிடச் சின்னது. எடை அரை கிராம்கூட வராது. விரலால் எண்ணினால் நழுவி ஓடிவிடும். அதனால் எண்ணுவதற்கே ஒரு மரப்பலகை இருந்தது. பலகையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு கைப்பிடி சக்கரத்தை அதில் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால் கணக்கு முடிந்தது. இந்தச் சக்கரப் பலகைக்கே இன்று சேகரிப்பாளர்கள் மத்தியில் தனி மவுசு உண்டு. பழைய வீட்டில் குழி குழியாக ஒரு பலகை கிடந்தால், பல்லாங்குழி உடைந்த துண்டு என்று நினைத்து அடுப்பில் வைத்துவிட வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இயந்திரத்தில் அடித்த வெள்ளிக் காசுகள் வந்தன. பணம், கால் ரூபாய், அரை ரூபாய் ஆகியவை அவை. அடையாளம் சுலபம். திருவிதாங்கூரின் சங்கு இருக்கும். பலவற்றில் ராம வர்மா என்பதைக் குறிக்கும் ஆர்.வி. என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பால ராம வர்மா காலத்துக் காசு என்றால் பி.ஆர்.வி. என்று இருக்கும்.

'1064' என்று போட்டிருக்கே... ஆயிரம் வருஷத்துக் காசா?

இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

திருவிதாங்கூர் காசில் உள்ளது கொல்லம் ஆண்டு. கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்கியது. புத்தாண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். எனவே காசில் உள்ள எண்ணோடு 825-ஐக் கூட்டினால் போதும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு மட்டும் 824.

உதாரணத்துக்கு, 1064 என்றால் 1888 ஆகஸ்டில் தொடங்கி 1889 ஆகஸ்டில் முடிந்த ஆண்டு. ஆக, அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காசு. 'சோழர் காலத்துக் காசு' என்று யாராவது விலை பேசினால் இந்தக் கூட்டல் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கையால் அடித்த பழைய சக்கரங்களில் ஆண்டைத் தேடினால் கிடைக்காது. அவற்றை வடிவத்தையும் எடையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விக்டோரியா ரூபாயில் எவ்வளவு வெள்ளி?

1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாய்க்குள் சுத்த வெள்ளி மட்டும் சுமார் 10.69 கிராம். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று மன்னர் மாறினாலும் இந்த அளவு மாறவில்லை.

1940-ல்தான் மாறியது. இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. அதனால் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயைப் பார்த்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வெள்ளி பாதிதான் இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விக்டோரியா ரூபாயின் வெள்ளி மதிப்பு 10.69 × 100 = 1,069 ரூபாய். அன்றைய வெள்ளி விலையை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இதுதான் அடிமட்ட விலை. கடைக்காரர் உருக்கும் செலவுக்கும் லாபத்துக்கும் கொஞ்சம் கழிப்பார், அது வழக்கம். ஆனால் பாதி விலைக்குக் கேட்டால் தாராளமாக எழுந்து வந்துவிடலாம்.

1840 என்று போட்டிருந்தால் அரிய காசா?

இதுதான் பெரும்பாலானோர் நம்பும் விஷயம். காசு எவ்வளவு பழசோ அவ்வளவு விலை என்று. நாணய உலகில் அப்படி இல்லை.

1840 என்று போட்ட விக்டோரியா ரூபாய் 1840-ல் மட்டும் அடித்ததல்ல. ஆண்டை மாற்றாமல் 1862 வரைக்கும் அதே '1840'-ஐப் போட்டு அடித்தார்கள். அடுத்து '1862' வந்தது. அதுவும் அப்படித்தான், 1874-ல் ஆண்டுதோறும் தேதி மாற்றும் முறை வரும் வரை 1862-ஏ ஓடியது. கோடிக்கணக்கில் அடித்த காசுகள் இவை. அதனால் தேய்ந்துபோன 1840, 1862 ரூபாய்களுக்கு வெள்ளி விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் இதிலும் நுணுக்கம் உண்டு. 1862 ரூபாயில் பூ வேலைப்பாட்டின் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் எங்கே, எத்தனை இருக்கின்றன என்பதை வைத்து நாணயச்சாலையையும் காலத்தையும் சேகரிப்பாளர்கள் பிரிக்கிறார்கள். சில வகை குறைவு, அதற்கு விலை அதிகம். பூதக்கண்ணாடி இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

1877-ல் இன்னொரு மாற்றம். அதுவரை 'விக்டோரியா குயின்' என்று இருந்த எழுத்து, அந்த ஆண்டு முதல் 'விக்டோரியா எம்ப்ரஸ்' ஆனது. ராணி, இந்தியாவின் பேரரசி ஆன கதை காசிலேயே இருக்கிறது.

அமெரிக்க டாலருக்கும் நம்ம ரூபாய்க்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் ஆசையாக வாங்கி வரும் பொருட்களில் அமெரிக்க வெள்ளி டாலரும் ஒன்று. அதில் பிரபலமானது மார்கன் டாலர். 1878 முதல் 1904 வரை அடித்தார்கள், பிறகு 1921-ல் மறுபடியும். எடை 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளி சுமார் 24 கிராம். நம்ம ரூபாயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. போர்ச் செலவையும், இங்கிருந்து வாங்கிய பொருட்களுக்கான காசையும் ரூபாயாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மக்களுக்கு அப்போது காகித நோட்டின் மேல் நம்பிக்கை குறைவு. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றிக்கொண்டு வீட்டில் பத்திரப்படுத்தினார்கள். கஜானா காலியாகும் நிலை.

பிரிட்டன் அமெரிக்காவிடம் வெள்ளி கேட்டது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா 'பிட்மன் சட்டம்' கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் சுமார் 25.9 கோடி டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டது, இந்தியாவின் தேவைக்காக. இங்கே அது ரூபாயாக அடிக்கப்பட்டது.

அதாவது, உங்கள் வீட்டுப் பெட்டியில் 1918, 1919 என்று போட்ட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால், அதில் உள்ள வெள்ளி ஒரு காலத்தில் அமெரிக்க டாலராக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு!

உருக்கியதற்குப் பதிலாக அமெரிக்கா 1921-ல் எட்டு கோடிக்கும் மேல் புது மார்கன் டாலர்களை அடித்தது. அதனால்தான் நூறு வருடம் தாண்டிய பழைய காசாக இருந்தும் 1921 மார்கன் டாலர் மிகச் சாதாரணமாகக் கிடைக்கிறது. விலையும் வெள்ளியை ஒட்டித்தான். அதே மார்கன் டாலரில் 1893-ம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது வெறும் ஒரு லட்சம். பின்பக்கம் கழுகுக்குக் கீழே 'எஸ்' என்ற எழுத்து இருக்கும். தேய்ந்திருந்தாலும் அதற்குத் தனி விலை. ஒரே முகம், ஒரே எடை, ஒரே வெள்ளி. ஒரு எழுத்தும் ஆண்டும்தான் வித்தியாசம்.

ஆக, விலை ஏறுவது வயதால் அல்ல, இன்று எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதால்.

காசின் விலையை முடிவு செய்யும் 4 விஷயங்கள்

1. வெள்ளி எடை: இதுதான் அடிமட்டம். வீட்டிலேயே கணக்குப் போடலாம். சக்கரம் மாதிரிச் சின்னக் காசுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் உள்ள வெள்ளிக்கு மிகக் குறைவாகத்தான் வரும் என்றாலும், சேகரிப்பவர் அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்.

2. மிச்சம் இருக்கும் எண்ணிக்கை: எத்தனை அடித்தார்கள் என்பது பாதிதான். எத்தனை உருகாமல் தப்பியது என்பது மீதி.

3. நிலை: ராணியின் கிரீடத்தில் உள்ள வேலைப்பாடு, முடி, உடையின் மடிப்பு எல்லாம் தெளிவாகத் தெரிகிறதா? புழக்கத்துக்கே போகாத மாதிரி இருந்தால் தேய்ந்த காசைப் போலப் பல மடங்கு விலை.

4. சேதம்: ஓட்டை போட்டது, மாலையில் கோக்க வளையம் பற்றவைத்தது, விளிம்பைச் சுரண்டியது. நம்ம ஊரில் வெள்ளி ரூபாயை நகையில் கோப்பது சகஜம். அப்படிப்பட்ட காசுக்குப் பெரும்பாலும் வெள்ளி விலை மட்டுமே.

நல்ல எண்ணத்தில் செய்யும் தப்பு

காசு கையில் கிடைத்ததும் வீட்டில் முதலில் என்ன செய்வார்கள்? புளி போட்டுத் தேய்ப்பார்கள். இல்லையென்றால் சாம்பல், திருநீறு, டூத்பேஸ்ட். பளபளவென்று ஆகிவிடும். விலையும் அங்கேயே விழுந்துவிடும்.

வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றில் உள்ள கந்தகத்தால் வருவது. சேகரிப்பாளர்களுக்கு அது அழுக்கு அல்ல, காசு தொடப்படாமல் இருந்ததற்கான சாட்சி. தேய்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் விழும். பூதக்கண்ணாடியில் பார்த்த உடனே 'கழுவின காசு' என்று சொல்லி விலையைக் குறைத்துவிடுவார்கள். உரைகல்லில் உரசுவதும் அப்படித்தான். நகைக்கடையில் உரசிப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடையே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

காசை விளிம்பில் பிடித்து எடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவர் வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் நாளடைவில் வெள்ளி மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித உறையோ, நாணயத்துக்கென்றே விற்கும் அட்டையோ போதும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காந்தம். வெள்ளி ஒட்டாது. ஒட்டினால் இரும்பு கலந்த போலி. ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைக்குப் போகலாம் என்று மட்டும் அர்த்தம்.

அடுத்து எடை. விக்டோரியா ரூபாய் தேய்ந்திருந்தால் 11.66 கிராமுக்குக் கொஞ்சம் குறையலாம். பத்து கிராம்தான் வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அசலைவிடக் கூடுதலாக வந்தாலும் சந்தேகம்தான்.

பிறகு விளிம்பு. அச்சில் ஊற்றிச் செய்த போலிக்கு விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும். எழுத்துகள் சோப்பில் செய்தது போல மழுங்கி இருக்கும்.

இன்னொரு வகை, ராமர் பட்டாபிஷேகம், அனுமார், லட்சுமி படங்களோடு 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று போட்ட செப்புக் காசுகள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பூஜைக்கும் விற்பனைக்கும் பின்னாளில் செய்தவை. இதே காசுகளைக் காட்டித்தான் 'அரிசியை இழுக்கும் காசு, சக்தி இருக்கு, கோடிக்குப் போகும்' என்று 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் ஏமாற்றுகின்றன. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. உள்ளே காந்தமும் அரிசியில் இரும்புத் தூளும் இருந்தால்தான் இழுக்கும்.

'பணம் கட்டினா காசை வாங்கிக்கிறோம்' என்றால்?

அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

மோசடி நடக்கும் விதம் ஒன்றுதான். காசின் போட்டோவை அனுப்பச் சொல்வார்கள். உடனே 'பத்து லட்சம் தர்றோம்' என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட வரும். கட்டக் கட்டக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காசும் விற்காது, கட்டிய பணமும் வராது.

2021 ஆகஸ்ட் 4-ம் தேதி ரிசர்வ் வங்கியே இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நாணயம், நோட்டு விற்பனையில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். விற்பவர் பணம் வாங்க வேண்டும், கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாரிசாக வந்த காசை வீட்டில் வைத்திருப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை.

ஒன்று, மண்ணுக்கடியில் கிடைத்தது. அஸ்திவாரம் தோண்டும்போது பானையோடு காசு கிடைத்தால் அது 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின் கீழ் வரும். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முறையாகத் தெரிவித்தால் கண்டெடுத்தவருக்குப் பங்கு கிடைக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

இரண்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவது. நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 'அமெரிக்காவில் வாங்க ஆள் இருக்கு, கூரியர் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால், ஏமாற்றுவதோடு உங்களைச் சட்டச் சிக்கலிலும் மாட்டிவிடுகிறார் என்று அர்த்தம்.

சரி, எங்கே காட்டுவது?

நகைக்கடைக்காரர் வெள்ளியை எடை போடுவார், வரலாற்றை எடை போட மாட்டார். அதனால் விற்கும் எண்ணம் இருந்தால் குறைந்தது மூன்று நாணய வியாபாரிகளிடம் காட்டி விலை கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்கள் உண்டு. பல ஊர்களில் நாணயக் கண்காட்சிகள் நடக்கின்றன. ஆன்லைனில் பார்க்கும்போது 'கேட்கும் விலை'யை நம்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏல நிறுவனங்கள் வெளியிடும் 'விற்ற விலை'தான் உண்மை.

விலை உயர்ந்த அமெரிக்கக் காசு என்றால் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்து மூடி முத்திரையிட்ட பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெட்டியிலும் போலி உண்டு என்பதால் எண்ணை அவர்களுடைய தளத்தில் சரிபார்ப்பது நல்லது.

விற்காமல் தெரிந்துகொள்ள மட்டும் ஆசை என்றால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் உள்ளவர்களுக்கு அதைவிட அருகில் திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனை இருக்கிறது. கேரளத் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் அங்கேதான். ஆச்சி பெட்டியில் இருந்த அதே சக்கரத்தைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. துணி முடிச்சில் நாலு காசு இருந்தால் நாலையும் விற்க அவசரப்பட வேண்டாம். முதலில் எடை போடுங்கள், ஆண்டைப் படியுங்கள், இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். அது யார் சம்பாதித்தது, எப்போது வீட்டுக்கு வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதே முடிச்சில் போடுங்கள். காசின் விலையை நாளைக்கும் விசாரிக்கலாம். இந்தக் கதையைச் சொல்ல ஆள் எப்போதும் இருக்கமாட்டார்கள்.